எழுபதுகளின் ராக்: முதலில் எந்தப் பாட்டு?

எழுபதுகளின் ஆங்கில ராக் பக்கம் போகலாம் என்று யாரிடமாவது வழி கேட்டால், திரும்பத் திரும்ப ஐந்து பாட்டுகள்தான் வந்து விழும். லெட் செப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்', ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா', குயீனின் 'போஹீமியன் ராப்சடி', பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்டபிளி நம்', டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. ஐந்தையும் ஒரே செய்தியில் அனுப்பிவிட்டு "எல்லாமே செம, கேட்டுட்டுச் சொல்லு" என்பார்கள். வாங்கியவர் ஒவ்வொன்றிலும் ஒரு அரை நிமிடம் கேட்பார், நடுவில் இழுத்து இன்னும் கொஞ்சம் கேட்பார், அப்புறம் ஒரு கட்டைவிரல் பொம்மையைப் பதிலாகப் போடுவார், அதோடு எழுபதுகள் முடிந்தது. ஐந்தைக் கொடுப்பதும் ஒன்றும் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றுதான். ஒரே ஒரு பாட்டைத்தான் சொல்ல வேண்டும். எதைச் சொல்வது?

சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் முதலில் கேட்க வேண்டிய பாட்டு எது என்று கேட்டால் எல்லோரும் தங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டைச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள். வருடக்கணக்கில் கேட்டுப் பழகிய காதுக்கு உச்சமாகத் தெரிவது, நேற்று வரை சினிமாப் பாட்டு மட்டுமே கேட்ட காதுக்கு இழுவையாகத் தெரியலாம், அதில் அந்தக் காதின் தப்பு எதுவும் இல்லை. நான் பார்ப்பது இவ்வளவுதான்: முதல் ஒரு நிமிடத்துக்குள் ஆளைப் பிடித்து உட்கார வைக்கிறதா, கிட்டார் எது, பேஸ் (கீழ்த்தொனி கிட்டார்) எது, ஆர்கன் எது என்று புதிதாகக் கேட்பவரால் பிரித்துக் கேட்க முடிகிறதா, பாட்டு முடிந்த பிறகு அடுத்துப் போக ஏதாவது வழி இருக்கிறதா. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன். ஒரு பாட்டு பிடித்துப்போய், அதே மாதிரி இன்னொன்று கிடைக்காமல், அந்த ஒன்றையே காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்தும் நீளமான பாட்டுகள். எல்லாவற்றிலும் சின்னதே 5 நிமிடம் 40 விநாடி, பெரியது 8 நிமிடத்தைத் தாண்டும். அறுபதுகளில் வானொலிக்குப் போகும் பாட்டு மூன்று நிமிடத்தைச் சுற்றித்தான் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். எழுபதுகளில் அது உடைந்தது. மக்கள் ஒரு பாட்டுக்காக வாங்கும் சிங்கிள் தட்டை விட்டுவிட்டு, ஒரு ஆல்பம் முழுக்க அடங்கும் பெரிய தட்டான எல்பி வாங்க ஆரம்பித்தார்கள், எல்பியின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம் இருந்தது, அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆல்பம் பாட்டுகளை அப்படியே ஒலிபரப்பின. கூடவே 16 டிராக், 24 டிராக் ரெக்கார்டிங் இயந்திரங்களும், அதாவது அத்தனை ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்து சேர்க்கும் இயந்திரங்களும், வந்துவிட்டன, ஒரே ஆள் தன் குரலையோ கிட்டாரையோ அடுக்கடுக்காக ஏற்றிக்கொள்ள முடிந்தது. இந்த ஐந்து பாட்டுகளும் அந்தச் சுதந்திரத்தில் பிறந்தவை. அதனால் பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்ற கணக்கோடு உட்கார்ந்தால் இவற்றில் சிலது உங்களைப் படுத்தி எடுக்கும்.

எல்லோரும் முதலில் சொல்லும் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1971 நவம்பரில் வந்த லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஆல்பத்துக்குப் பெயரே கிடையாது, உறையில் குழுவின் பெயர்கூட அச்சிடப்படவில்லை, வாங்குகிறவன் தெரிந்து வாங்கிக்கொள்ளட்டும் என்ற திமிர்தான். 8 நிமிடம் 2 விநாடி. சிங்கிளாக வெளியிடலாம் என்று கம்பெனி கேட்டும் குழு மறுத்துவிட்டது, முழுப் பாட்டு வேண்டுமென்றால் முழு ஆல்பத்தை வாங்கு என்பதுதான் அவர்கள் நிலை. ஜிம்மி பேஜ் தனியாக அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆரம்பிக்கிறார், ஜான் பால் ஜோன்ஸின் ரெக்கார்டர், அதாவது நம் புல்லாங்குழலுக்குத் தூரத்து உறவான மரக்குழல், மெல்ல வந்து சேர்கிறது, ராபர்ட் பிளான்ட் ஏதோ பழங்கதை சொல்வதுபோலப் பாடுகிறார். நான்கு நிமிடம் தாண்டித்தான் ஜான் போன்ஹாமின் டிரம்ஸ் உள்ளே வருகிறது. பிறகு வேகம் ஏறிக்கொண்டே போகிறது, ஆறாவது நிமிடத்தை ஒட்டி அந்தப் புகழ்பெற்ற சோலோ, அதாவது கிட்டார் தனியாக முன்னே வந்து வாசிக்கும் பகுதி, இன்னொரு கிட்டார் கலைஞரான ஜெஃப் பெக் பரிசாகக் கொடுத்த பழைய டெலிகாஸ்டர் கிட்டாரில் வாசித்தது, அப்புறம் பிளான்ட் உச்சக் குரலில் கத்தும் பகுதி, கடைசியில் ஒரே ஒரு வரி துணை வாத்தியம் எதுவும் இல்லாமல்.

ஐந்தில் சிறந்த பாட்டு எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். கிராமிய இசையில் ஆரம்பித்து ஹார்ட் ராக்கில் முடிகிற ஒரு பாட்டை, நடுவில் ஒட்டுப்போட்ட தடமே தெரியாமல் இவ்வளவு நிதானமாக ஏற்றிக்கொண்டு போனவர்கள் அதற்கு முன்னும் இல்லை, அதற்குப் பின்னும் அதிகம் பேர் இல்லை. ஆனால் முதல் பாட்டாகக் கொடுத்தால்? 1971 மார்ச் 5 அன்று பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ஹாலில் இதை முதல்முறையாக மேடையில் வாசித்தபோது, கூட்டம் தங்களுக்குத் தெரிந்த பாட்டு எப்போது வரும் என்று சலிப்போடு காத்திருந்ததாக ஜோன்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள், மேடையில் அந்தக் குழுவே நிற்கிறது, அவர்களுக்கே அப்படி என்றால், பேருந்தில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்கும் புது ஆள் நான்கு நிமிடம் டிரம்ஸ் இல்லாமல் தாக்குப்பிடிப்பாரா? இந்தப் பாட்டின் சுகமே தாமதத்தில்தான் இருக்கிறது. தாமதத்தை ரசிக்க, என்ன வரப்போகிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

இதன் தொடக்க கிட்டார் 'ஸ்பிரிட்' என்ற குழுவின் 'டாரஸ்' என்ற பழைய பாட்டிலிருந்து எடுத்தது என்று 2014இல் வழக்குப் போட்டார்கள். 2016இல் ஜூரி செப்பலின் பக்கம் தீர்ப்பளித்தது, மேல்முறையீடு என்று இழுத்து, 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததோடு முடிந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒற்றுமை கேட்கத்தான் செய்கிறது, ஆனால் படிப்படியாக இறங்கும் அந்தச் சுரக்கூட்டு வரிசை பல நூறு வருடமாக எல்லோரும் புழங்குவது. வழக்கு முக்கியமில்லை, ஆனால் இணையத்தில் இந்தப் பாட்டைப் பற்றித் தேடினால் பாதி இடத்தை இதுதான் அடைத்துக்கொண்டிருக்கும், அதனால் சொல்லிவைத்தேன்.

'ஹோட்டல் கலிஃபோர்னியா' இதற்கு நேர் எதிர். யாருக்குப் போட்டாலும் பிடிக்கும். ஆல்பம் 1976 டிசம்பர், சிங்கிள் 1977 பிப்ரவரி, அதே வருடம் மே மாதம் அமெரிக்காவில் முதலிடம், அடுத்த வருடம் அந்த ஆண்டின் ரெக்கார்டுக்கான கிராமி. குழுவில் கிட்டார் வாசித்த டான் ஃபெல்டர் மாலிபு கடற்கரையில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் உட்கார்ந்து போட்ட டெமோவில் ஆரம்பித்தது இது, அப்போது அவர்களுக்குள் அதற்கு வைத்திருந்த பெயர் 'மெக்சிகன் ரெகே'. முதலில் ஈ மைனரில் ரெக்கார்ட் செய்து பார்த்தார்கள், பாடிய டான் ஹென்லியின் குரலுக்குச் சுருதி ஒத்துவரவில்லை, இறக்கி பி மைனருக்குக் கொண்டுபோனார்கள். கிட்டார் கற்பவர்கள் ஏழாவது கட்டையில் சுருதியை ஏற்றும் கேப்போ என்ற கவ்வியை மாட்டிக்கொண்டு அந்தத் தொடக்கத்தை வாசிப்பதற்குக் காரணம் இந்த மாற்றம்தான். ஹென்லி டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறவர் என்பதையும் கவனியுங்கள்.

நம் ஆட்களுக்கு இது ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்பது புரியாத விஷயமில்லை. மெட்டு முன்னால் நிற்கிறது, குரல் தெளிவாக இருக்கிறது, வரிகளில் ஒரு பேய்க்கதை இருக்கிறது, கோரஸை இரண்டாம் தடவையே கூடப் பாடிவிடலாம். கடைசி இரண்டு நிமிடம் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாற்றி மாற்றி வாசித்து, பிறகு சேர்ந்து வாசிக்கும் சோலோவில் ஒரு சுரம்கூட வீணாக இல்லை, முழுதும் எழுதிவைத்து வாசித்ததுபோலப் பாடவே முடிகிற சோலோ. அந்த வகையில் என் முதல் சோதனையில் இது நூற்றுக்கு நூறு. மாட்டிக்கொள்வது கடைசிச் சோதனையில். இதைக் கேட்டவர் இதைப்போல இன்னொன்று என்று ஈகிள்ஸிடமே போனால், அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி நாட்டுப்புற வாடை வீசும் மென்மையான கண்ட்ரி ராக். நல்ல பாட்டுகள்தான், 'டெஸ்பராடோ' கேட்டு உருகாதவர் யார், ஆனால் அவர் தேடி வந்தது அதுவல்ல. ஈகிள்ஸை விட்டு வெளியே போனால் ஃப்ளீட்வுட் மேக்கின் 1977 ஆல்பமான 'ரூமர்ஸ்', ஸ்டீலி டேன், ஜாக்சன் பிரவுன் என்று ஒரு வழி இருக்கிறது, இனிமையான வழிதான், ஆனால் அது எழுபதுகளின் சத்தமான பாதிக்குள் போவதே இல்லை. பல பேர் ஹோட்டல் கலிஃபோர்னியாவோடு நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

போஹீமியன் ராப்சடி எடுத்த எடுப்பில் ஆளைப் பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. 1975 அக்டோபர் 31 சிங்கிளாக வந்தது, 5 நிமிடம் 55 விநாடி. இவ்வளவு நீளப் பாட்டை எந்த வானொலியும் போடாது என்று எல்லோரும் சொல்ல, லண்டனின் கேபிடல் ரேடியோவில் கென்னி எவரெட் அதைத் திரும்பத் திரும்பப் போட்டு ஊரைக் கிளப்பிவிட்டார். பிரிட்டனில் 9 வாரம் முதலிடம். குயீனின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி 1991 நவம்பரில் இறந்த பிறகு மறுபடி வெளியிட்டு, மறுபடி முதலிடம். மெர்க்குரியின் இயற்பெயர் ஃபரோக் புல்சாரா, சான்சிபாரில் பிறந்த பார்சி, பள்ளிப் படிப்பு மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரிந்த கதை. நடுவில் வரும் ஓபரா பகுதிக்கு அவரும் குழுவின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் மூன்றே பேர் வாரக்கணக்கில் பாடிப் பாடி அடுக்கினார்கள். டேப்பை அவ்வளவு தடவை ஓட்டி, மேல்பூச்சு தேய்ந்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம்.

ஆனால் இதை முதலில் கேட்பதில் இருக்கிற சிக்கல் ஐந்திலும் பெரியது. குரல் மட்டும் வரும் தொடக்கம், பியானோப் பாட்டு, கிட்டார் சோலோ, ஓபரா, ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஹார்ட் ராக், மறுபடி பியானோவில் இறக்கம், திரும்ப வரும் கோரஸ் என்று ஒன்றும் கிடையாது. இதைப்போல இன்னொரு பாட்டு எழுபதுகளில் இல்லை. குயீனிடமே இல்லை, ஏன், அவர்களே இதை மேடையில் வாசிக்கும்போது ஓபரா பகுதிக்கு ரெக்கார்டிங்கை ஓடவிட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். வியப்பதற்கு அருமையான பாட்டு, ஆனால் தொடர்ந்து போக வழியில்லாத முட்டுச்சந்து. இதே பெயரில் 2018இல் வந்த குயீன் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் இந்தப் பக்கம் வந்தார்கள், வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் குயீன் ரசிகர்களாக ஆனார்கள், அது நல்ல விஷயம்தான். ராக் ரசிகர்களாக ஆனவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

கம்ஃபர்டபிளி நம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், காரணம் அதன் தகுதிக் குறைவு இல்லை. 1979 நவம்பர் 30 அன்று வந்த 'தி வால்' என்ற இரட்டை எல்பியில், மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு இது. அந்த ஆல்பம் ஒரே கதை. பிங்க் என்ற ராக் பாடகன் தன்னைச் சுற்றி ஒரு சுவரைக் கட்டிக்கொள்கிறான், எழுந்து நிற்கக்கூட முடியாத நிலையில் இருப்பவனை மருத்துவர் ஊசி போட்டு மேடைக்கு அனுப்புகிறார், அந்த இடத்தில் வருகிறது இந்தப் பாட்டு. 1977இல் ஃபிலடெல்ஃபியா நிகழ்ச்சிக்கு முன் குழுவின் ரோஜர் வாட்டர்ஸுக்குக் கடும் வயிற்று வலி, ஊசி போட்டு மேடையேற்றினார்கள், அந்த அனுபவம்தான் இதன் மூலம். மருத்துவர் பேசும் வரிகளை வாட்டர்ஸ் பாடுகிறார், நோயாளியின் பகுதியை டேவிட் கில்மோர் பாடுகிறார். இது தெரியாமல் கேட்டால் இரண்டு குரல்கள் ஏன் இப்படி வேறு வேறு உலகத்தில் இருக்கின்றன என்பதே பிடிபடாது. கடைசி சோலோ, பல தடவை வாசித்து நல்ல துண்டுகளை எடுத்துக் கோத்தது, எனக்குத் தெரிந்த எந்தக் கிட்டார் சோலோவையும் இதற்கு மேலே வைக்க மனம் வருவதில்லை. ஆனாலும் இதைத் தனியாகப் பிய்த்துக் கொடுத்தால் மெதுவான, சோகமான, அழகான ஒரு பாட்டு என்ற அளவில் நின்றுவிடுகிறது. முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்து சேரும்போதுதான் அந்த கிட்டார் ஏன் அப்படி அழுகிறது என்று தெரியும். இன்னொன்று, பிங்க் ஃபிளாய்ட் பிடித்துப்போனவர்கள் பிங்க் ஃபிளாய்டுக்குள்ளேயேதான் இருப்பார்கள், 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 'விஷ் யூ வேர் ஹியர்', 'அனிமல்ஸ்' என்று வருடங்கள் ஓடிவிடும். அது ஒரு தனி நோய், அதற்கு நான் வைத்தியம் சொல்லவில்லை.

மிச்சம் இருப்பது 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. கிட்டார் கடைக்காரர்கள் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன பாட்டு, ரசிகர்களே "அதுவா, எல்லாரும் கேட்டதுதானே" என்று ஒதுக்கிவிடும் பாட்டு. ஐந்தில் சிறந்தது இது இல்லை. ஆனால் முதலில் கேட்க இதைத்தான் சொல்வேன்.

கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் வரிகள் அப்படியே நடந்த செய்தி. 1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழு ஆல்பம் ரெக்கார்ட் செய்ய சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் மான்ட்ரோ நகருக்குப் போனது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஸ்டூடியோ வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள், அங்கிருந்த கேசினோ கட்டடம் குளிர்காலத்துக்கு மூடியதும் அதற்குள் வாசிப்பதாகத் திட்டம். மூடுவதற்கு முன் கடைசி நிகழ்ச்சி அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் சாப்பாவுடையது. டிசம்பர் 4, நிகழ்ச்சி நடுவில் யாரோ ஒருவர் கூரையை நோக்கித் தீப்பொறித் துப்பாக்கியால் சுட, கட்டடமே எரிந்து போனது. மான்ட்ரோ ஜாஸ் விழாவை நடத்திவந்த கிளாட் நோப்ஸ் உள்ளே சிக்கிய இளைஞர்களை வெளியே இழுத்துவந்தார், பாட்டில் வரும் 'ஃபங்கி கிளாட்' அவர்தான். ஏரியின் மேல் புகை படர்ந்ததைக் குழுவினர் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்துப் பேஸ் வாசிக்கும் ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது வாயில் வந்த சொற்கள் பாட்டின் பெயராயின. இடம் மாறி ஒரு பழைய அரங்கில் வாசித்தார்கள், சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் இந்தப் பாட்டின் அடித்தளம் பதிவாகிவிட்டது. மீதி ஆல்பத்தைக் குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் மெத்தைகளைச் சாத்திவைத்து முடித்தார்கள். இதில் பெரும்பகுதி பாட்டில் வருகிறது, சாப்பாவின் பெயரோடு. ஆங்கில ராக் வரிகள் புரியவில்லை, ஏதோ போதையில் எழுதினமாதிரி இருக்கிறது என்பவர்களுக்கு இதைவிட நேரான பாட்டு கிடைக்காது.

அதைவிட முக்கியம் அந்தத் தொடக்கம். கிட்டார் வாசிக்கும் ரிச்சி பிளாக்மோர் தனியாக அந்த ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் மெட்டை, வாசிக்கிறார், எல்லோருக்கும் தெரிந்த அது. அடுத்த சுற்றில் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸின் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டும் ஜான் லார்டின் ஆர்கனும் சேர்கின்றன, அந்த ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக விட்டிருப்பதால் அது இன்னொரு கிட்டார் போலவே உறுமும். பிறகு முழு டிரம்ஸ். அதற்கும் பிறகுதான் குளோவரின் பேஸ், அது வந்ததும் காலுக்கடியில் தரை போட்டதுபோல இருக்கும். கடைசியில் இயன் கில்லனின் குரல். ஒவ்வொரு ஆளும் வரிசையில் உள்ளே வந்து, நான் இன்னார், என் சத்தம் இது என்று சொல்லிவிட்டு இடத்தில் நிற்கிறார்கள். ராக் பேண்ட் என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டுமானால் இந்த முதல் ஒரு நிமிடம் போதும். மற்ற நான்கு பாட்டுகளிலும் இது நடப்பதில்லை. ஹோட்டல் கலிஃபோர்னியாவில் கிட்டார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன, எத்தனை என்று எண்ணவே முடியாது. குயீனில் மூன்று குரல் ஒரு ஊர்க்கூட்டமாகக் கேட்கிறது. இங்கே ஐந்து பேர், ஐந்து சத்தம். இதைப் பிரித்துக் கேட்கப் பழகிய காது அடுத்து செப்பலினிடம் போனால் போன்ஹாம் எப்போது வரப்போகிறார் என்று தானாகவே காத்திருக்கும்.

குறைகளும் இருக்கின்றன. பாட்டு ஏறுவதில்லை, ஒரே உயரத்தில் ஓடுகிறது. கோரஸ் ரொம்பச் சாதாரணம். பிளாக்மோரின் சோலோ நன்றாக இருக்கிறது, ஆனால் அதே ஆல்பத்தில் 'ஹைவே ஸ்டார்' பாட்டில் அவர் வாசித்திருப்பதன் பக்கத்தில் வைக்க முடியாது. குழுவுக்கே இது பெரிதாகப் போகும் என்ற நினைப்பு இல்லை. ஆல்பம் 1972 மார்ச்சில் வந்தது, பாட்டு அமெரிக்காவில் சிங்கிளாகி நான்காம் இடத்துக்கு வந்ததோ 1973இல்.

ஆனால் வழி என்று பார்த்தால் இங்கிருந்து எல்லாப் பக்கமும் போகலாம். இந்தப் பாட்டு இருக்கும் 'மெஷின் ஹெட்' ஆல்பமே 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஒரு பாட்டைக்கூடத் தாண்டத் தேவையில்லை. அப்புறம் 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான 'மேட் இன் ஜப்பான்', மேடையில் ஒரு குழு எப்படிப் பாட்டைப் பிய்த்து வளர்க்கும் என்பதற்கு அதுதான் பாடப்புத்தகம். பின்னால் திரும்பினால் 1970இன் 'சைல்ட் இன் டைம்', அதிலிருந்து அதே வருடத்து பிளாக் சபாத்தின் 'பாரனாய்ட்'. முன்னால் போனால் பிளாக்மோர் ரோனி ஜேம்ஸ் டியோவோடு சேர்ந்து ஆரம்பித்த ரெயின்போ, அவர்களின் 1976 பாட்டு 'ஸ்டார்கேசர்', அங்கிருந்து எண்பதுகளின் ஹெவி மெட்டல் முழுவதும். பக்கவாட்டில் லெட் செப்பலின். ஐந்து பாட்டுகளில் இத்தனை பக்கம் திறப்பது இது ஒன்றுதான்.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் தெரியும். மெல்லிசை மட்டுமே கேட்பவர், டிஸ்டார்ஷன், அதாவது கிட்டாரின் கரகரப்பான உறுமல், காதில் விழுந்தாலே முகம் சுளிப்பவர் என்றால் ஹோட்டல் கலிஃபோர்னியாவையே கொடுங்கள், ஆனால் கூடவே 'ரூமர்ஸ்' ஆல்பத்தையும் கொடுங்கள். பாடுகிறவர், மேற்கத்திய கோரல் இசையில் பழக்கம் உள்ளவர், சர்ச் பாடகர் குழுவில் இருந்தவர் என்றால் போஹீமியன் ராப்சடி அவருக்கு வேறு மாதிரி திறக்கும், அந்த அடுக்குகளை அவர் காது பிரித்துவிடும். கதை படிக்கிற ஆள், முக்கால் மணி நேரம் ஃபோனைத் தொடாமல் உட்காரக்கூடியவர் என்றால் பிங்க் ஃபிளாய்ட், ஆனால் கம்ஃபர்டபிளி நம் வேண்டாம், 1973இன் 'டார்க் சைட்' முழுதாக. கிட்டார் வாங்கிவிட்டு எதை வாசிப்பது என்று முழிப்பவருக்குக் கேள்வியே இல்லை, அந்த ரிஃப்பை அன்றைக்கே வாசித்துவிடலாம், ஒன்று மட்டும், பிக் என்ற மீட்டும் வில்லையை வைத்து வாசிக்காமல் இரண்டு கம்பியையும் விரலால் ஒரே நேரத்தில் சுண்டுங்கள், பிளாக்மோர் அப்படித்தான் வாசிக்கிறார், சத்தத்தின் இறுக்கம் அதில்தான்.

"லெய்லா எங்கே, ஃப்ரீ பேர்ட் எங்கே" என்ற குரல்கள் கேட்கின்றன. 'லெய்லா' 1970, எரிக் கிளாப்டனின் டெரெக் அண்ட் தி டாமினோஸ், பெயர் நமக்கும் தெரிந்த லைலா மஜ்னு கதையிலிருந்து வந்தது, நல்ல பாட்டு, ஆனால் முதல் பாதியும் பியானோப் பாதியும் இரண்டு தனிப் பாட்டுகளாகவே எனக்குக் கேட்கின்றன. லினர்ட் ஸ்கினர்டின் 'ஃப்ரீ பேர்ட்' ஒன்பது நிமிடம், அதில் பாதி கிட்டார், பழகாத ஆளுக்கு அது தண்டனை. உண்மையில் இந்தப் பட்டியலில் இடம் கிடைக்காமல் போனது அநியாயம் என்றால் அது தி ஹூவின் 1971 பாட்டு 'பாபா ஓ'ரைலி'தான், பெயரில் இருக்கும் பாபா நம் மெஹர் பாபா, பீட் டவுன்ஷெண்ட் அவரைப் பின்பற்றியவர். ஆர்கனில் சுழன்றுகொண்டே இருக்கும் அந்தத் தொடக்கமும் ஆளைப் பிடிக்கும், நீளமும் 5 நிமிடத்தை ஒட்டித்தான். ஸ்மோக் ஆன் தி வாட்டர் ஒத்துவராவிட்டால் அடுத்து இதைப் போடுங்கள்.

கேட்கும்போது எந்தப் பதிப்பு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பில் பெயரைத் தட்டினால் பத்து வரும். ஸ்மோக் ஆன் தி வாட்டரில் சிங்கிளுக்காக வெட்டிய குட்டிப் பதிப்பு உண்டு, 5 நிமிடம் 40 விநாடிதான் ஆல்பத்தில் இருப்பது. ஹோட்டல் கலிஃபோர்னியாவில் நம் ஊரில் பலருக்குத் தெரிந்தது 1994இன் அக்கூஸ்டிக் மேடைப் பதிப்பு, நீளமான நைலான் கிட்டார் முன்னுரையோடு ஆரம்பிக்கும், அது தனி அழகு, ஆனால் எழுபதுகளின் சத்தம் அதில் இல்லை. ஃபோனின் ஸ்பீக்கரில் எதையும் கேட்காதீர்கள், பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சுமாரான ஹெட்ஃபோன் போதும், இரண்டு காதிலும் மாட்டியிருக்க வேண்டும், கிட்டார் ஒரு பக்கமும் ஆர்கன் ஒரு பக்கமும் பிரிந்து நிற்பது அப்போதுதான் தெரியும்.

அப்புறம் வரிசை. ஸ்மோக் ஆன் தி வாட்டர், பிடித்திருந்தால் அன்றைக்கே ஹைவே ஸ்டார், ஒரு வாரத்துக்குள் மெஷின் ஹெட் முழுதும். அதற்குப் பிறகு செப்பலினின் நான்காவது ஆல்பம், ஆனால் ஸ்டேர்வேயை மட்டும் தேடிப் போடாமல் முதல் பாட்டான 'பிளாக் டாக்'கிலிருந்து வரிசையாக. எல்பியில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டாகத்தான் அது இருக்கிறது, மூன்று பாட்டுகளைத் தாண்டி, நடுவில் விருந்தினராகப் பாடிய சாண்டி டெனியின் குரலையும் கேட்டுவிட்டு வந்தால் அந்த நான்கு நிமிடக் காத்திருப்பு நீளமாகவே தெரியாது. பக்கத்தைத் திருப்பிக் கடைசியில் இருக்கும் 'வென் தி லெவி பிரேக்ஸ்' வரைக்கும் போய்விடுங்கள், போன்ஹாமின் டிரம்ஸை ஒரு பழைய மாளிகையின் கூடத்தில் வைத்து, மாடிப்படியின் மேலே மைக் தொங்கவிட்டுப் பதிவு செய்தது அது, அந்த முதல் அடியைக் கேட்ட பிறகு யாரும் உங்களுக்குப் பட்டியல் போட்டுத் தர வேண்டியிருக்காது.